நான் ஒளிச்சு வச்ச மாத்திரை

ஏ செல்லம், எங்கூடப் பொறந்த தங்கமே,

நீ கண்ண மூடி மூணு வருசமாச்சு. இப்ப ஒரு சேதி. ஒம்மக மலரு முழுகாம இருக்கா. முன்ன ரெண்டு தடவ கலஞ்சதுக்கு அப்புறம் இது மூணாவது. மாப்புள்ள துபாய்ல. நாந்தான் அறந்தாங்கியில அவ மாமியா வீட்டுல தொணைக்கு வந்து கெடக்கேன்.

போன வாரம் லேசா ரத்தம் படவும் டாக்டரம்மா மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. மலரு ரெண்டு நாளு போட்டா. எனக்கு எந்த மாத்திரையப் பாத்தாலும் சந்தேகந்தான், ஒனக்குத் தெரியாதா? மாத்திரை அட்டைய மடியில சொருகிக்கிட்டு மெடிக்கலுக்குப் போனேன். "என்ன மாத்திரைய்யா இது?"ன்னேன். "தேதி தள்ளிப்போட வாங்குவாகள்ல, அந்த வகையறாதான் ஆத்தா"ன்னுட்டு அவரு அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டாரு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நாம பாக்காத மாத்திரையா? மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிட்டா நம்ம தெருப் பொம்பளைக அம்புட்டும் மெடிக்கல்லதான நிக்கும். வாயத் தொறக்குமுன்ன "எத்தன நாளைக்கு?"ம்பாக. நீ பால்கொடம் எடுத்த வருசம், மாத்திரையப் போட்டுட்டும், எங்க வந்துருமோன்னு மொகம் வெளுத்துப்போயித் திரிஞ்சியே. கொடத்த எறக்கி, மாத்திரைய விட்ட மூணாம் நாளு கொட்டித் தீத்துச்சு. சரி, அது கெடக்கட்டும்.

நின்னுபோன தீட்ட இன்னும் என்னத்தடி தள்ளிப்போடுறது? புள்ளத்தாச்சிக்கு எதுக்கு அது? மாத்திக் குடுத்துட்டாகளா? யாரும் சொல்லிக் குடுத்தாகளா? அவ மாமியா மேலகூட ஒரு கண்ணு வச்சேன். அட்டைய அரிசிப் பானைக்குள்ள பொதச்சுட்டேன். வீடே தேடுச்சு. நானும் கூடத் தேடுனேன். புதுசு வாங்கலாம்னவளையும் "நாளைக்குப் பாப்போம்டி"ன்னு இழுத்தடிச்சேன்.

ரெண்டாம் நாளு மறுபடி பட்டுச்சு. அப்பத்தான் ஒறச்சுச்சு. போடுற வரைக்குந்தான தள்ளி நிக்கும், நிறுத்துனா வந்துருமே! ஒன் ஒடம்புல பாத்தவதான நான்?

ஆட்டோ புடிச்சு ஓடுனோம். டாக்டரம்மாகிட்ட மட்டும் தனியா உண்மையச் சொன்னேன். திட்டுவாகன்னு பாத்தா, ஒக்கார வச்சுச் சொன்னாங்க: "புள்ள தங்குறதுக்கு ஒடம்புல தானா ஒண்ணு சொரக்கும்மா. அதத்தான் மாத்திரையாக் குடுக்குறோம். திருவிழாவுக்குப் போடுறது இதுக்கு ஒறவு, ஆனா அது வேற, புள்ளத்தாச்சிக்கு ஆகாது. இவளுக்கு முன்ன கலஞ்சு, இப்பவும் படுறதுனால எழுதுனேன். எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"நிச்சயமாத் தங்குமா?"ன்னேன். "நிச்சயம்னு சொல்ல மாட்டேன். ஒத்தாசையா இருக்கும்"னாங்க. நிச்சயமில்லாததுக்கு எதுக்கு மாத்திரைன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஸ்கேன்ல துடிப்பக் காட்டுனாங்க. அதப் பாத்ததும் வந்த வார்த்தைய முழுங்கிட்டேன்.

இப்ப வேற வெனை. அரிசிப் பானையில அட்டை அகப்படவும், ஒளிச்சது மாமியாதான்னு முடிவு கட்டி மலரு அவுககூடப் பேசுறதில்ல. "பெரியம்மா, நீங்க மட்டும் இல்லன்னா எம்புள்ளய முடிச்சிருப்பாக"ங்குறா. அந்தம்மா அடுப்படியில நின்னு மூக்கச் சிந்துறாக. நான் முருங்கக்கீரைய ஆஞ்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். நீ இருந்தா என்னைய என்ன சொல்லிருப்ப?

நாளைக்கு ரெண்டு பேரையும் ஒக்கார வச்சு, நாந்தான்னு சொல்லிர்றேன் செல்லம். அப்புறம் ஒம்மக என்னைய இங்க வச்சுக்கிருவாளோ, பஸ் ஏத்தி விட்டுருவாளோ. ஏத்தி விட்டாலும், போனப் போட்டு மாத்திரை போட்டியாடின்னு கேக்காம படுக்க மாட்டேன்.

ஒனக்கு முன்ன பொறந்து, ஒனக்குப் பின்னாலயும் கெடக்குற
ஒன் அக்கா