ஒன்பது கிலோமீற்றர்

பண்டாரவளை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மகாதேவிக்கு,

நான் சுகம். உம்முடைய பிரஷர் இறங்கியதா, வாழைக்குத் தண்ணீர் இறைக்க ஆள் வந்ததா என்று எழுதும்.

என்னோடு இங்கே படிப்பிக்கும் உடுப்பிட்டித் தம்பிஐயா மாஸ்டர், ஞாயிற்றுக்கிழமை என்னைச் சைக்கிளில் ஓர் அருவி பார்க்க இழுத்துப் போனார். பயப்பட வேண்டாம், விழவில்லை. வரைபடத்தில் பாதைமேல் நூல் வைத்து அளந்தேன், ஒன்பது கிலோமீற்றர். நீர்வேலியிலிருந்து பட்டணம் போகிற தூரம்தானே, முக்கால் மணித்தியாலம் என்று கணக்கிட்டேன். மூன்று மணித்தியாலம் பிடித்தது. அந்த நூலுக்குக் கீழேயே சமவுயரக் கோடுகள், செங்குத்து ஏற்றம் என்று காட்டிக்கொண்டு, நெருக்கமாகக் கிடந்தன. முப்பது வருடம் புவியியல் படிப்பித்த நான் அவற்றைக் கவனிக்கவில்லை. பிள்ளைகளுக்கு என்னத்தைத்தான் படிப்பித்தேனோ.

ஏற்றத்தில் சைக்கிளை உருட்டினேன். இறக்கத்திலும் பயத்தில் உருட்டினேன். அந்த மனுசன் முன்னால் போய், வளைவுக் கடையில் தேநீர் குடித்தபடி இருக்கிறார்.

"என்ன மாஸ்டர், சைக்கிளுக்குக் கால் நோகுமெண்டு நடத்திக் கூட்டிக்கொண்டு வாறியளோ?"

"இனி உங்களோடை வரமாட்டன்."

"ஓம், ஓம். போன மாசமும் இதைத்தானே சொன்னனீங்கள்."

அருவியில் தண்ணீரும் இல்லை.

வருகிற பௌர்ணமிப் போயா விடுமுறைக்கு வேறொரு மலையாம். முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர் வராத விடுமுறைகளில் நான் ஒருவரோடும் கதைப்பதில்லை.

எங்கள் ஊர்ப் பரியாரியார் காய்ச்சும் முழங்கால்வலி எண்ணெய் இரண்டு போத்தல் பஸ்ஸில் கொடுத்துவிடும். ஒன்று தம்பிஐயா மாஸ்டருக்கு, நேற்று அவரும் நொண்டினார், நான் காணவில்லையென்று நினைக்கிறார். போயாவுக்கு முன்னம் கிடைத்தால் நல்லது.

பாட மணி அடித்துவிட்டது.

உம்முடைய,
சிவசுப்பிரமணியம்