சாவியோ அண்ணனின் நானூற்றுத் தொண்ணூறு

இராயபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தோழன் ஜெரிக்கு,

உபைதுல்லா எழுதுகிறேன். நீயும் ரேச்சலும் அந்த மஸ்கட் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று துஆ செய்கிறேன். உன் குரல் செய்தி வந்து ஒன்பது நாளாகிறது. பதிலைப் பேசி அனுப்பத்தான் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பாதியில் அழித்துவிட்டேன். எழுதினால் முடித்துவிடுவேன் என்று தோன்றியது. உன்னோடு வேலை செய்கிற ஜெஸ்வின் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே வருகிறான். அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ரேச்சல் பக்கத்தில் இல்லாதபோது படி.

உன் அம்மாவின் நாற்பதாம் நாள் பூசை நல்லபடியாக நடந்தது. மாதா கோவில் நிறைய ஜனம். காசிமேட்டில் அம்மாவோடு மீன் விற்ற பெண்கள் அன்றைக்கு வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நீ போனில் பார்த்து அழுததாக உன் சித்தி ஜானட் சொன்னாள். அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. உன் கம்பெனி லீவு தராததற்கு நீ என்ன செய்வாய்.

இப்போது வண்டி விஷயம். ஊருக்குத் திரும்புகிற அந்த வெள்ளைக்காரர் மணலில் ஓட்டுகிற தன்னுடைய மூன்று பழைய பைக்குகளில் ஒன்றை உனக்குத் தருவதாகச் சொன்னாய். வெள்ளிக்கிழமைகளில் பாலைவனத்தில் ஓட்டினால் அம்மா போன பாரம் கொஞ்சம் இறங்கும் என்றாய். மூன்றுமே பெரிய டூ ஸ்ட்ரோக். மூன்றுக்கும் வயது நாற்பதுக்குப் பக்கம். நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

முதல் வண்டி ஜெர்மன்காரன் செய்தது. மணலில் அதுபோல இழுக்க எதுவும் கிடையாது. ஆனால் அதன் சாமான் கிடைக்காது. ஒரு கியர் பல் உடைந்தால் ஒரு வருடம் வண்டி சும்மா நிற்கும். மூன்றாவது, தண்ணீரில் குளிரும் ஐநூறு சிசி. கனம் அதிகம், முரட்டு வண்டி. கிக்கரை அரைகுறையாக மிதித்தால் திருப்பி அடித்துக் கணுக்காலை உடைத்துவிடும். ஆனாலும் உன் ஊர் வெயிலுக்கு அதுதான் தாங்கும். பிஸ்டனும் சுலபமாகக் கிடைக்கும். என்னைக் கேட்டால் மூன்றாவதை எடு.

நீ கேட்டது இரண்டாவதைப் பற்றி என்று எனக்குத் தெரியும். காற்றில் குளிரும் நானூற்றுத் தொண்ணூறு சிசி. உன் சாவியோ அண்ணன் ஓட்டிய அதே மாடல், அதே வருடம். "அண்ணனுக்கு நீதான் பார்த்துக் குடுத்த. எனுக்கும் நீயே சொல்லு மாமு. நீ சரின்னா எடுத்துக்கறேன்" என்று சொல்லியிருந்தாய். அதைக் கேட்ட பிறகு மெக்கானிக் கடையைத் திறந்தும் வேலை ஓடவில்லை.

ஜெரி, அண்ணனுக்கு அந்த வண்டியை நான் பார்த்துக் கொடுத்த கதையை நீ முழுதாகக் கேட்டதில்லை. யாரும் கேட்டதில்லை.

அண்ணன் விரும்பியது அந்த வண்டியை அல்ல. மண்ணில் ஓட்டுவதற்கென்று மாற்றிக் கட்டிய யெஸ்டி பைக் ஒன்று புளியந்தோப்பில் இருந்தது. இருநூற்றைம்பது சிசி. அடக்கமான வண்டி. அதை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினார். அப்போதுதான் திருவொற்றியூரில் ஒரு பழைய ஷெட்டில் அந்த நானூற்றுத் தொண்ணூறு கிடப்பதாக எனக்குத் தெரிய வந்தது. எண்பதுகளில் சோழவரம் ரேசுக்காக யாரோ கொண்டுவந்தது. இருபது வருடமாக ஓடாதது. மெட்ராஸில் அந்த என்ஜினுக்கு உயிர் கொடுத்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. யெஸ்டி என்பது பொம்பளைப் பிள்ளைகள் ஓட்டுகிற வண்டி என்று அண்ணனைக் கேலி செய்தேன். ஒரு வாரம் விடாமல் பேசினேன். எனக்காகத்தான் சம்மதித்தார்.

நாலு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். ஓடியது. காட்டுப்பள்ளிக்குப் போகிற வழியில் கடலோர மணலில் அது கிளம்பினால் பின்னால் மண் ஆள் உயரத்துக்கு எழும்பும். நீயும் வீடியோவில் பார்த்துக் கைதட்டியிருக்கிறாய். ஆனால் என்ஜினுக்குள் சுற்றுகிற கிராங்கின் இடது பக்க ரப்பர் சீல் இற்றுப் போயிருந்தது. புதுசு சொல்லி அனுப்பியிருந்தேன், வரவில்லை. அதுவரைக்கும் என்று கோந்து வைத்து அடைத்திருந்தேன். உனக்குத் தெரியுமோ என்னவோ, டூ ஸ்ட்ரோக்கில் அந்த சீல் வழியாகக் காற்று உள்ளே புகுந்தால் பெட்ரோலும் ஆயிலும் போதாமல் போகும். பிஸ்டன் காய்ந்து, வீங்கி, சிலிண்டரிலேயே பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்தக் கடைசிச் சனிக்கிழமை ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தேன். காப்பிப் பொடி நிறத்தில் இருக்க வேண்டியது சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. சீல் வழியாகக் காற்று புகுகிறது என்று அர்த்தம், அது எனக்கு நன்றாகத் தெரியும். பழையபடி மாட்டி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து அண்ணன் நேராகக் கடைக்கு வந்தார். முகம் சரியில்லை. சோழவரம் பக்கத்திலிருந்து ஐந்தாறு பேர் அந்த வண்டியைப் பார்க்க வருவதாக நான் ஏற்பாடு செய்திருந்தேன். அண்ணன் சொன்ன வார்த்தை ஒன்றுகூட எனக்கு மறக்கவில்லை. "ஃப்ளோரா அந்த வண்டிய தொடாதன்னு ஒரே சண்ட. எனுக்கும் சத்தம் வேற மாரி கேக்குது உபைது. இன்னிக்கு வேணாமே."

நான், "ஒண்ணும் ஆவாதுண்ணா, ஏறு" என்றேன்.

காட்டுப்பள்ளி மணலில் நாலாவது சுற்றில் முழு வேகத்தில் வந்தபோது என்ஜின் ஜாம் ஆனது. சத்தம் சட்டென்று நின்றதுதான் எனக்கு முதலில் தெரிந்தது. அலையைத் தடுக்கப் போட்டிருந்த கருங்கல்லின் மேல் போய் விழுந்தார். நான் ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு என்னடா ஆச்சு என்று கேட்டார்கள். அப்போது என் வாயிலிருந்து வந்ததைக் கேள். "வூட்ல சண்ட போட்டுட்டு வந்தாரும்மா. மனசு சரியில்லாம ஓட்டாதீங்கன்னு எவ்ளோ சொன்னேன். கேக்கல."

அவ்வளவுதான் சொன்னேன். மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். சண்டை போட்டு அனுப்பிக் கொன்றுவிட்டாள் என்று சவப்பெட்டிக்கு முன்னால் வைத்தே அம்மா ஃப்ளோரா அண்ணியை அடித்தார்கள். அண்ணன் மகள் ஷாலு, ஐந்து வயது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பதாம் நாள் பூசை முடிந்ததும் அண்ணி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எர்ணாவூர் போய்விட்டார்கள். நீயும் அன்றிலிருந்து அண்ணியோடு பேசுவதில்லை. போகவேண்டாம் என்று தடுத்தது அண்ணி. ஏறு என்றது நான். அதை நான் மாற்றி வைத்துவிட்டேன்.

போலீஸ் வண்டியைத் திருப்பித் தந்ததும் சிலிண்டரைக் கழற்றினேன். பிஸ்டனில் ஒரு பக்கம் உருகி வழிந்திருந்தது. அதை எண்ணூர் முகத்துவாரத்தில் வீசிவிட்டு வந்தேன். கேட்பதற்கு யாரும் இல்லை.

ஒன்பது வருடம் ஜெரி. அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போனேன், நோன்புப் பெருநாளுக்கு பிரியாணி கொண்டு போனேன். நீ ஒவ்வொரு முறையும் நன்றி சொல்வாய். கடைசி மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் நான்தான் கூட இருந்தேன். ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா என் கையைப் பிடித்து, "நீயாச்சும் அவன வேணான்னு சொன்ன. கட்டினவ சொல்லல" என்றார்கள். நான் அடுத்த கரண்டிக் கஞ்சியை வாயில் வைத்தேன். ஐந்து நாள் கழித்துப் போய்விட்டார்கள்.

அம்மாவின் நாற்பதாம் நாள் பூசைக்கு அண்ணி வந்திருந்தது உனக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஷாலுவோடு நின்றிருந்தார்கள். பூசை முடிந்ததும் ஜானட் சித்தி போய், வீட்டுச் சாப்பாட்டுக்கு வரவேண்டாம், அது அம்மாவுக்குப் பிடிக்காது என்று சொன்னாள். அண்ணி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு மத்தியானம்தான் உன் குரல் செய்தி வந்தது.

போன வியாழக்கிழமை எர்ணாவூர் போனேன். அண்ணி ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறார்கள். அன்றைக்கு வீட்டில்தான் இருந்தார்கள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சீல், ப்ளக், அண்ணன் கேட்டது, நான் சொன்னது, ஆஸ்பத்திரி வாசல். ஷாலுவின் யூனிஃபார்மை மடித்துக்கொண்டே கேட்டார்கள். மடித்து முடித்ததும் அதையே உதறி மறுபடியும் மடித்தார்கள். திட்டுவார்கள், அடிப்பார்கள் என்று நினைத்துப் போனேன். அதற்குத் தயாராகத்தான் போனேன்.

பிறகு சொன்னார்கள். "அன்னிக்கு காலீல அந்த வண்டியோடவே போய்த் தொலைன்னு நான் சொன்னேன். அந்த வார்த்ததான் அவர கொன்னுச்சின்னு ஒம்போது வருசமா நெனச்சிகினு கீறேன். கெழவி அடிச்சப்போ சரின்னு வாங்கிக்கினேன். அவங்களும் செத்துப் பூட்டாங்க. இப்ப வந்து சொல்றியே, இத வச்சிக்கினு நான் இன்னா பண்றது?"

ஸ்கூல் விட்டு ஷாலு வந்தாள். நெற்றி அப்படியே அண்ணன். கோவிலில் பார்த்த ஆள் என்று என்னை அடையாளம் கண்டு, வாங்க மாமா என்று சொல்லி டீ போட்டுக் கொண்டுவந்தாள். அண்ணி அவள் முன்னால் எதையும் காட்டவில்லை. குடிச்சிட்டுக் கெளம்பு, இனிமே வராத என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சொன்னால் நெஞ்சு லேசாகும் என்பார்கள். எனக்கு ஆகவில்லை. அண்ணிக்கும் ஆகவில்லை. மூட்டையை என் தலையிலிருந்து இறக்கி அண்ணி மடியில் போட்டுவிட்டு வந்ததுபோல இருக்கிறது. இப்போது உனக்கும் ஒரு பங்கு அனுப்புகிறேன். நீ என்னை மன்னிக்க வேண்டாம். அதைக் கேட்க இதை எழுதவில்லை. இனி என்னோடு பேசாவிட்டாலும் எனக்குப் புரியும். ஜானட் சித்திக்கும் கோவில் ஆட்களுக்கும் நானே போய்ச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும். அவர்கள் என்ன செய்தாலும் சரி.

வண்டி எடுப்பதானால், எதை எடுத்தாலும், அங்கே உங்கள் கம்பெனி யார்டில் இருக்கிற நல்ல மெக்கானிக் ஒருவரை வைத்து இரண்டு பக்க சீல்களையும் மாற்றாமல் ஏறாதே. ப்ளக் வெளுத்திருந்தால் அன்றைக்கு ஓட்டாதே. சத்தம் வேறு மாதிரி கேட்டால் இறங்கிவிடு. பக்கத்தில் இருப்பவன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் அவன் பேச்சைக் கேட்காதே.

உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். ஃப்ளோரா அண்ணிக்கு ஒரு போன் பண்ணு. அண்ணனோடு பிறந்தவன் நீ ஒருவன்தான். உரிமையோடு அண்ணி என்று கூப்பிட வேறு யாரும் இல்லை. நம்பரை அவர்கள் மாற்றவே இல்லை, ஒன்பது வருடமாக அதே நம்பர்தான். முதல் முறை எடுக்க மாட்டார்கள். இரண்டாவது முறையும் எடுக்காமல் இருக்கலாம். விட்டுவிடாதே, எடுக்கிற வரைக்கும் கூப்பிடு.

ஆண்டவன் உன்னை எல்லா மண்ணிலும் முழு உடம்போடு இறக்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
உபைதுல்லா