உங்கள் கிட்னி உங்களிடமே இருக்கட்டும்

தங்கச்சியோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டேன். பத்து மணிக்கு எனக்கு ஆபரேஷன். சாப்பாடு மேஜையில் மூடியிருக்கிறது.

வயிற்றுவலிக்கு ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் இடது கிட்னியில் புற்றுநோய் அகப்பட்டது, அதுவும் லட்சத்தில் ஒருவருக்கு வருகிற வகையாம். அதை எடுத்துவிட்டால் வலது ஒன்றே போதும் என்று டாக்டர் சொன்னதில் எனக்குச் சந்தோஷம், உங்களுக்கு அவமானம். "என் கிட்னியையே தர்றேன்" என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தவராயிற்றே! "அப்ப நான் எதுக்கு? நான் வரலை" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டீர்கள். டிவி ரிமோட்டையே ஒரு நாளும் தராதவர் கிட்னி தருவாராம்.

வீட்டைப் பூட்டினால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

பி.கு.: ரிமோட்டைத் தேடாதீர்கள், என் பையில் இருக்கிறது. பத்து மணிக்குள் வந்தால் என் கையிலிருந்தே வாங்கிக்கொள்ளலாம்.