மால்டாவில் தொங்கும் பாக்கி வேலை

மாப்ளே, நீ விற்காத படத்தை விற்றதாகச் சொல்லி உன்னைத் தலைகுனிய வைத்தார்கள். அந்தப் படம் இப்போது மால்டா என்கிற தீவில், உன் பெயர் இல்லாமல், கண்ணும் திறக்காமல் தொங்குகிறது. இரண்டும் அநியாயம். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி மகன் போன வாரம் ராஜபாளையம் வந்தான். சோப்பு, சாக்லேட்டோடு மை வாசனை போகாத ஒரு வழவழப்பான புத்தகமும் கொண்டுவந்தான். அந்தத் தீவில் இப்போது நடக்கும் கலைக் கண்காட்சிகளில் எதையெல்லாம் தவறாமல் பார்க்க வேண்டும் என்று அச்சடித்துக் கொடுக்கிறார்களாம். முதலில் மீன்பிடிப் படகு ஓவியங்கள். அங்கே படகின் முகப்பில் இரண்டு கண் எழுதுவார்களாம், கடலில் வழி தெரிய. அடுத்து கண்ணாடிச் சிற்பங்கள். அதற்கடுத்த பக்கத்தைப் புரட்டினேன். நீ வரைந்த ஆண்டாள்.

இடப்பக்கம் சாய்ந்த கொண்டை, கையில் கிளி, காலடியில் நம் ஊர் வெள்ளை நாய். ஆண்டாள் பக்கத்தில் நாயை எழுத உன்னைத் தவிர யாருக்குத் துணிச்சல் வரும்? படம் கேட்டிருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பஜனை மடத்துத் தலைவர் உன் கடைக்கு வந்து பார்த்ததும் கத்தினாரே:

“ஏம்ப்பா, தாயார் காலடியில நாயா? ஒனக்கென்ன கிறுக்கு புடிச்சிருக்கா?”

“ராஜபாளையத்துல எழுதுன படம்னு தெரிய வேண்டாமா சாமி? அது பாட்டுக்கு படுத்துக் கெடக்கும். கடிக்காது.”

அவரே சிரித்துவிட்டார்.

படத்தில் கண் மட்டும் பாக்கி. ஆடிப்பூரத்தன்று மடத்தில் வைத்து, எதிரே கண்ணாடி பிடிக்க, அதில் தெரியும் முகத்தைப் பார்த்தே நீ கருவிழி எழுத வேண்டும். அதுவரை அந்த இடம் வெள்ளைதான். நாய்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதற்குக் கண் எழுதிவிட்டாய்.

அந்தச் சமயத்தில்தான் மதுரையிலிருந்து ஒரு கலைப்பொருள் வியாபாரி வந்தார். கண்காட்சியில் வைத்துவிட்டு ஆடிப்பூரத்துக்கு முன்னால் திருப்பித் தருவதாகச் சொன்னார். கொடுக்காதே என்று உன் கடை வாசலிலேயே சண்டை போட்டேன்.

“போலே, ஒனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம். கண்ணு தொறக்காத சாமியை எவன் வச்சுக்கிடுவான்? கண்ணு எழுதுத வரைக்கும் அது எழுதுனவன் கைக்குத்தான் சொந்தம். தானா வந்து சேரும் பாரு.”

நம் பக்கத்தில் திருடன்கூடத் தொடமாட்டான், உண்மைதான். அதை வைத்து நீ உலகம் முழுவதையும் எடைபோட்டுவிட்டாய். அந்த வியாபாரிக்கு அது வெறும் துணி.

படம் வரவில்லை. மதுரையில் அவர் சொன்ன இடத்தில் ஒரு பாத்திரக் கடைதான் இருந்தது. ஆடிப்பூரத்தன்று மடத்துச் சுவரில் வெறும் ஆணி. தலைவர் கூட்டத்தின் நடுவே சொன்னார்: “தாயாரையே வித்துத் தின்னுட்டான்.” நீ வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன், என்னை வெளியே தள்ளினார்கள். அதற்குப் பிறகு எந்தக் கோயில் வேலையும் உனக்கு வரவில்லை. லாரிக்கு நம்பர் எழுதினாய். மம்சாபுரத்து உரக்கடைக்கு போர்டு எழுதினாய். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், “அவிய இன்னும் அப்பிடித்தான் நெனைக்காகளா மாப்ளே?” என்று கேட்டாய். ஆமாம் என்றேன். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வராது.

மில்லில் மெஷின் புத்தகங்களைப் படித்துப் படித்து நானாகக் கற்றுக்கொண்டதுதான் என் இங்கிலீஷ். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை வாசித்தேன். வரைந்தவர் பெயர் தெரியாதாம். விழிகளை வேண்டுமென்றே வெறுமையாக விட்டாராம். மனிதர் காணாததை நாய் காண்கிறதாம்.

“அந்தப் படத்துக்கிட்டதான் பெரியப்பா கூட்டம். கண்ணு இல்லாததுதான் அழகுன்னு ஒரு அம்மா அழுதுட்டாங்க” என்றான் தம்பி மகன்.

“ஏலே, அது அழகு இல்லலே, பாக்கி வேலை! படகுக்கே கண்ணு எழுதுத ஊர்ல ஒருத்தருக்குக்கூட கேக்கத் தோணலையா?”

“விடுங்க பெரியப்பா. அவரே போயிட்டாரு. இனிமே யாருக்கு வேணும்?”

“எனக்கு வேணும்.”

மறுநாளே பஸ் ஏறி அந்தப் பக்கத்தை மடத்துத் தலைவரிடம் காட்டினேன். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: “படம் நல்லாத்தான் இருக்கு. பழசைக் கிண்டி என்ன ஆகப்போகுது?”

“விக்கிறவன் கண்ணை எழுதி முழுசால்ல வித்திருப்பான் சாமி? இப்பிடி அரைகுறையாவா குடுப்பான்?”

தீர்த்தம் கொடுக்க நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஆஸ்பத்திரியில் நீ கேட்ட அந்தக் கேள்விதான். அதற்கு வேறு பதில் வரும்வரை நான் ஓயமாட்டேன். மால்டாக்காரர்கள் அந்த விளக்கத்தைக் கிழித்துவிட்டு, ராஜபாளையத்தில் வரைந்தது, வேலை முடியவில்லை என்று உன் பெயரோடு எழுத வேண்டும். கண்காட்சி முடிந்ததும் படத்தை அனுப்ப வேண்டும். அந்த வியாபாரி எங்கே இருந்தாலும் வந்து, ஏமாற்றி வாங்கினேன் என்று மடத்தில் நின்று சொல்ல வேண்டும். உன்னிடம் தூரிகை பிடிக்கக் கற்ற உன் மகள்தான் கண் எழுத வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது. மடத்துத் தலைவர் உன் வீட்டுக்கு நடந்து வந்து, உன் மனைவியிடம், “அவர் விற்கவில்லை” என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வந்து அல்ல, வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி.