மதினி வாங்க மறுத்த மின்சாரம்

எப்போதும் என்னோடு வம்புக்கு நிற்கும் என் மதினிக்கு,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. போன வாரம் அங்கே ஒரு விடுதியில், மின்சாரச் சந்தையும் அரசுக் கொள்கையும் பற்றி அதிகாரிகளுக்குப் பயிற்சி நடந்தது. பாடம் எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கேட்டால் சிரிப்பீர்கள், இல்லையா?

நாம் இருவரும் அதே பயிற்சிக்குக் கற்றுக்கொள்ளப் போன சீசன் நினைவிருக்கிறதா? நீங்கள் மின்துறை அதிகாரி. நான் சுரண்டைப் பக்கம் காற்றாலை வைத்திருந்த ஒரு கம்பெனிக்காக மின்சாரம் விற்கிறவள். தென்காசியிலிருந்து ஒரே பஸ்ஸில்தான் போனோம். இறங்கியதும் சொன்னீர்கள்: “ஏட்டி மீனா, வீட்டுலதான் நீ எனக்கு நாத்தனா. இங்கன நீ விக்கிறவ, நான் வாங்குதவ. பாவம் பாக்காத.”

நான் பார்க்கவில்லை. கடைசி நாளில் மாதிரிச் சந்தை ஒன்று நடத்தினார்கள். சாயங்கால நேரம், காற்று நின்றுவிட்டது, ஊரெல்லாம் விளக்குப் போடுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஆட்டத்தில் எனக்குக் கொடுத்திருந்தது ஒரு அனல் மின்நிலையம்; விற்க என் ஒருத்தியிடம்தான் மின்சாரம் மிச்சம் இருந்தது. விதி அனுமதித்த உச்ச விலையைச் சொன்னேன். எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள்.

“வேண்டாம்” என்றீர்கள்.

வாங்காவிட்டால் எங்காவது மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும், எங்கே என்று கேட்டார் பயிற்சி நடத்தியவர். உங்கள் பக்கத்து அதிகாரிகள் அச்சன்புதூர்ப் பக்கத்து வயல்களைக் காட்டினார்கள். பம்புசெட் நின்றால் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? நீங்கள் எழுந்துபோய் வரைபடத்தில் தென்காசியைத் தொட்டீர்கள். நம் தெருவை.

“அங்கன நெல்லு பால் பிடிக்கிற நேரம். எங்க தெருவுல நிறுத்துங்க. எங்க வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் விசிறிக்கிட்டு இருப்பாரு.”

அரங்கமே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை.

அன்றைக்கு ஐந்தருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு நின்றோம். “என் மேல கோவமா மதினி?” என்று கேட்டேன்.

“எதுக்கு? நீ நல்லாத்தான் வித்த. விதி அப்படி இருக்கு. அந்த விதிய எழுதுத இடத்துல நம்ம ஊரத் தெரிஞ்சவ ஒருத்தி வேணும்லா. நீ போயேன்.”

பஜ்ஜி தின்னும்போது சொல்கிற பேச்சா அது? ஆனாலும் அது என்னை விடவில்லை. மேற்கொண்டு படித்தேன், தேர்வு எழுதினேன். மின்சார விதிமுறைகளை வகுக்கும் அலுவலகத்தில் வேலை கிடைத்ததைச் சொல்ல வந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தீர்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “சம்பளம் கொறையுமேட்டி” என்று கவலைப்பட்டீர்கள். அடுத்த சாரலுக்கு நீங்கள் இல்லை.

போன வாரம் என் வகுப்பின் கடைசி வரிசையில் அண்ணன் வந்து உட்கார்ந்திருந்தார். வருவதாகச் சொல்லவே இல்லை. உங்கள் பெயரைச் சொல்லாமல் அந்த மாதிரிச் சந்தைக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தேநீர் வேளையில் பக்கத்தில் வந்தார்.

“நம்ம தெருவையா நிறுத்தச் சொன்னா?”

“ஆமாண்ணே.”

“நான் விசிறிக்கிட்டு இருப்பேன்னா சொன்னா?”

“அப்படித்தான் சொன்னாங்க.”

தேநீர் சிந்தச் சிந்தச் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “வீட்டுல ஒரு வார்த்த சொல்லலியே. அவ ஆபீஸ்ல என்ன செய்யுதான்னு நானும் கேட்டதில்ல. இன்னும் ஏதாவது இருந்தாச் சொல்லு மீனா.”

வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். அத்தனை வருடம் உங்களோடு குடித்தனம் நடத்தியவர், புதிதாக யாரையோ பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார். உங்களுக்கும் அது பிடித்திருக்கும்தானே?

மின்சாரம் பற்றாத நாளில் எந்த ஊரில் நிறுத்தப்போகிறோம் என்பதை அந்த ஊருக்கு முன்பே சொல்லியாக வேண்டும் என்று ஒரு விதியை எழுதி வைத்திருக்கிறேன். நடைமுறைக்கு ஒத்துவராது, எடுத்துவிடு என்கிறார்கள். அடுத்த மாதம் திருநெல்வேலியில் மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். அதுவரை அந்த வரியில் யாரையும் கைவைக்க விடமாட்டேன். அன்றைக்கு அண்ணனை முன்வரிசையில் உட்கார வைப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு, மதினி.

இப்படிக்கு, வீட்டில் மட்டுமல்ல, எங்கேயும்
உங்கள் நாத்தனார்,
மீனா