இடத்தோளில் ஒரு விரல் பஞ்சு

என் தங்க எக்காவுக்கு,

தச்சநல்லூரில் பூட்டிக்கிடக்கும் உன் வீட்டுக்குப் போனேன். தையல் மிஷினுக்கு அடியில், தகரப்பெட்டியில் ஒரு பொட்டலம். மேலே உன் கையெழுத்து: ‘உமா சடங்குக்கு’.

என் மகள் போன வாரம்தான் பெரியவளானாள். தொண்ணூற்று மூன்றில் நீ கண்ணை மூடியபோது அவளுக்கு ஏழு வயது. வளர்கிற பிள்ளைக்கு நாலு விரல் கூட்டித் தைப்பது வழக்கம்தான். அதற்காக ஐந்து வருஷத்தையா கூட்டித் தைப்பாய்?

வீட்டுக்குக் கொண்டுவந்து உமாவுக்குப் போட்டுப் பார்த்தேன். அரக்குப் பட்டு ரவிக்கை, அச்சு அசலாய்ப் பொருந்தியது. கண்ணாடியில் இரண்டு தோளும் ஒரே மட்டம். கழற்றினால் இடத்தோள் ஒரு விரல் இறங்கியிருக்கிறது. குனியச் சொன்னேன். முதுகில் வலப்பக்கம் மேடு. அப்படியே என் முதுகு, எக்கா.

ரவிக்கையைத் தடவினேன். இடத்தோளில் பஞ்சு.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் இதைத்தானே செய்தாய்? “நேரா நில்லுட்டி. பஞ்சு வச்சிருக்கேன், எவனுக்குத் தெரியப் போவுது?” எவனுக்கும் தெரியவில்லை. எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. இன்று பத்து நிமிஷம் நின்றால் உயிர் போகிறது. உன்மேல் எனக்குக் கோபம்தான்.

ஆனால் உன் காலத்தில் உமா நேராகத்தானே நின்றாள்? உனக்கு யார் சொன்னது?

மறுபடி ரவிக்கையை மாட்டிவிட்டு விலகினேன். அவள் அளவு கொடுப்பதுபோல இரண்டு கையையும் தூக்கினாள். “பைய எடு பெரியம்மா, கூசுது” என்று சிரித்தாள். நான் வாசல்படியில் நின்றிருந்தேன். அவளைத் தொடவே இல்லை.

என் வீட்டுக்காரர் சொல்கிறார்: “சடங்கு முடியட்டும்ட்டி. அந்த ரவிக்கையவே போட்டு விடு. வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கெட்டுவான்?” அவர் வாயில் உன் குரல்.

அன்றே பஞ்சைப் பிரித்து அடுப்பில் போட்டேன். இன்று காலை எடுத்துப் பார்த்தால் தோள் மறுபடி உப்பியிருக்கிறது. உன் பொடித் தையல். நூல் நுனியில், பல்லால் கடித்த ஈரம்கூடக் காயவில்லை.

எக்கா, உன் பாசம் எனக்குத் தெரியாதா? ஆனாலும் போதும். ரவிக்கையை உன் கத்தரிக்கோலாலேயே நாலாக வெட்டிவிட்டேன். நாளை உமாவைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுக்கப்போகிறேன். இவர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. சடங்கன்று அவள் இறங்கிய தோளோடு ஊர் பார்க்க உட்காருவாள். இது உன்மேல் சத்தியம்.

நீயும் வா. அளவெடுக்கிற டேப்பை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வா.

இனி உன் பஞ்சு வேண்டாத,
உன் கூடப்பிறந்த தங்கச்சி