அப்பா இறங்காத தோட்டம்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே சௌக்கியமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். அப்பா சௌக்கியம் என்பார், என்னைக் கேட்காதே. போனில் பேசினால் அவர் காது என் வாயில்தான் இருக்கும், அதனால் அவர் மத்தியானம் கண்ணயர்ந்த நேரம் பார்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகி வாக்கரோடு வீட்டுக்கு வந்த சமயத்தில்தான் நீ தோட்டத்துக்கு பிளான் போட்டு அனுப்பினாய். ஊரில் உள்ள வீட்டுக்கெல்லாம் தோட்டம் வரைந்து கொடுக்கிற பெண் நமக்கும் வரைந்து கொடுத்துவிட்டாள் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை, கலரில் பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். நான் அன்றைக்கே கேட்டேன், துணி காயப்போடுகிற கொடி எங்கே என்று. “கொடி இருந்தா பார்வைக்கு நல்லா இருக்காதும்மா” என்றாய். சமையலறைத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டதற்கு, “அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்க” என்றாய். அந்த அவங்க யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வந்த ஆட்கள் சிமெண்ட் நடைபாதையைப் பெயர்த்தார்கள், மண்ணைக் கொட்டி மேடாக்கிப் புல் பதித்தார்கள், புல்லுக்கு நடுவே வட்ட வட்டமாகக் கல் போட்டார்கள், ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் ஒரு முழம் இடைவெளி. மேற்கே நின்ற மரம் வீட்டை மறைக்கிறது என்று வெட்டினார்கள். சாயங்காலமானால் எங்கள் படுக்கையறைச் சுவரில் கை வைக்க முடியவில்லை. செப்டிக் டேங்க் மூடி புல்லுக்கு அடியில் போய்விட்டது, சுத்தம் செய்ய லாரி வந்த அன்று நானும் அந்த ஆளும் கடப்பாரையால் தரையைத் தட்டித் தட்டித் தேடினோம், பார்த்தவர்கள் புதையல் எடுக்கிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு நீ போட்டோக்காரரைக் கூட்டிக்கொண்டு ஒரு பகல் வந்துபோனாய். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றார். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், “அப்பா, அந்த வாக்கரை மட்டும் கொஞ்சம் உள்ள தள்ளிக்கலாமா?” அவர் அதை உள்ளே தள்ளிவிட்டு, படம் எடுத்து முடிகிற வரைக்கும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றார். கடைசியில் படத்தில் அவரும் இல்லை. பத்திரிகையில் ‘வயதான பெற்றோருக்காக மகள் அமைத்த தோட்டம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மீட்டர் பார்க்க வருகிற ஆளிடம்கூட அப்பா அதை எடுத்துக் காட்டுகிறார். அந்தக் கல்லில் வாக்கரை ஊன்ற முடியாமல், தோட்டம் போட்ட நாளிலிருந்து ஒரே ஒரு நாள் தவிர அவர் வெளியே இறங்கவே இல்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

அந்த ஒரு நாள், போன மழைக்காலத்தில், நான் மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். மேடாக்கின புல்தரையிலிருந்து தண்ணீர் நேரே பின்னறைக்குள் வந்திருக்கிறது. மூலையில் இருக்கிற வடிகாலின் மூடியைத் திறந்துவிடலாம் என்று அவர் தனியாக இறங்கியிருக்கிறார். வாக்கரின் முன்கால் இரண்டு கல்லுக்கு நடுவே களிமண்ணில் புதைந்துவிட்டது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் கொட்டுகிற மழையில் அதைப் பிடித்தபடி நின்றிருக்கிறார், கூப்பிடவும் இல்லை. பக்கத்து வீட்டு லாரி டிரைவர் தற்செயலாகப் பார்த்து, மதில் ஏறிக் குதித்து, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக் கொண்டுவந்து போட்டாராம். நான் வந்தபோது ஈரச் சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் என்ன சொன்னார் தெரியுமா? “பாப்பாகிட்ட சொல்லாத. மழைதான் நேரங்கெட்ட நேரத்துல வந்துடுச்சு.” காய்ச்சல் இறங்க ஒரு வாரம் ஆனது. அந்த வாரமும் நீ கூப்பிட்டாய், “தோட்டம் பச்சப்பசேல்னு இருக்கு பாப்பா” என்று போர்வைக்குள்ளிருந்து சொன்னார்.

நீ ஒருமுறை மேடையில் பேசியதை நாங்கள் இருவரும் போனில் பார்த்தோம். பிளான் போடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள், வெயில் எங்கே விழுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, வீட்டு ஆட்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று பாருங்கள் என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள், அப்பாவும் இங்கே தட்டினார். எங்கள் வீட்டில் நீ ஒரு நாள்கூட உட்காரவில்லை. அதனால் நான் உட்கார்ந்தேன். அடுத்த மழையில் குடை பிடித்துக்கொண்டு தண்ணீர் போகிற வழியைப் பார்த்து வைத்தேன். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டு, மேட்டை வெட்டி எடுத்து, வீட்டிலிருந்து தண்ணீர் விலகி ஓடுகிற மாதிரி வாட்டம் கொடுக்கச் சொன்னேன். பள்ளமான மூலையில் குழி வெட்டி உடைந்த செங்கல் நிரப்பிக் கூரைத் தண்ணீரை அதில் விட்டேன். பின்வாசலிலிருந்து கேட் வரைக்கும் படி இல்லாமல், வாக்கரோடு கூட ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு, வழுக்காத சொரசொரப்பில் ஒரே நேராகப் பாதை. பாதியில் உட்கார ஒரு திண்டு, பக்கத்தில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி. கிழக்கே துணிக்கொடி கட்டிவிட்டேன். மேற்கே ஒரு கன்று வைத்திருக்கிறேன், அது நிழல் தருகிறபோது நாங்கள் இருப்போமோ என்னவோ, அதுவரைக்கும் கம்பிவலையில் படர்கொடியை ஏற்றிவிட்டிருக்கிறேன். பார்வைக்குச் சுமார்தான். உன் போட்டோக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

அப்பாவும் பார்க்கவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். கல்லைப் பெயர்த்த அன்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தவர், “பாப்பா போட்டத எடுக்க நீ யாரு?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் என்னை நீ யாரு என்று கேட்டது இதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து என்னிடம் உம், ம்ஹூம் தவிர வேறு பேச்சில்லை. பாதை காய்ந்துவிட்டது, வாங்க, நாலு அடி நடந்து பாருங்க என்று கையைப் பிடித்துக் கூப்பிட்டேன். “அவ சொல்லாம நான் அதுல கால் வைக்கமாட்டேன்” என்று கையை உருவிக்கொண்டார். அவர் உன்னிடம் கேட்கவும் மாட்டார், உன் மனது நோகுமாம். நடக்காமல் இருந்தால் கால் முடங்கியே போய்விடும் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஆகையால் நீ அவரைக் கூப்பிட்டு, மாற்றச் சொன்னது நான்தான் அப்பா என்று சொல். என் பிளானில் தப்பு இருந்தது, நான்தான் அம்மாவிடம் சொல்லித் திருத்தினேன் என்று சொல். தப்பு என்கிற சொல் வாயில் வராவிட்டால் புது பிளான் என்று சொல்லிக்கொள். பாதை, குழி, திண்டு எல்லாம் நீ யோசித்ததாகவே இருக்கட்டும், எனக்கு அதில் பேர் வேண்டாம். பத்திரிகையில் போட்டாலும் போட்டுக்கொள்.

நீ நல்லா இருக்க வேண்டும், கை வைத்த வேலையெல்லாம் துலங்க வேண்டும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிர் அதிகம் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, உன் போனுக்காக அப்போது காது மிஷின் போட்டுக்கொண்டு காத்திருப்பார். போனை என்னிடம் கொடுக்கச் சொல்லாதே. எனக்கு உன்னிடம் பேச ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா